கையெழுத்து ஒத்துப்போகவில்லை

வேதாரண்யத்திலிருந்து ஐந்தே முக்கால் பேருந்து.
நாகப்பட்டினம் போய்ச் சேர்ந்தபோது
அலுவலகத்தில் பூட்டு மட்டும்தான் வேலையில் இருந்தது.
எனக்கு முன்பே ஒன்பது ஜோடிச் செருப்புகள்
வரிசையில் நின்றன.
ஆட்கள் டீக்கடையில்.

வெளியில் நான் டீ குடிப்பதில்லை.
தம்ளரை இரண்டு கையாலும் பிடித்தால்
பார்ப்பவர்களுக்கு அது ஒரு செய்தி.

பதிவு பண்ணிப் பதினோரு வருஷம்.
மூப்பு ஏறிக்கொண்டே இருக்கிறது என்கிறார்கள்.
கடைமடைக்காரிக்குத் தெரியும்:
மேட்டூரில் திறந்துவிட்டார்கள் என்பது வேறு,
வந்துவிட்டது என்பது வேறு.

உதவித்தொகைக்கு வருஷம் ஒருமுறை உறுதிமொழி.
'நான் எந்த வேலையிலும் இல்லை.'
அந்த வரிக்குக் கீழே கையெழுத்து.

இருந்தேன், முன்பு.
புஷ்பவனம் பக்கத்தில் இறால் குஞ்சு பொரிப்பகம்.
தொட்டித் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடியில் வைத்து
வெளிச்சத்துக்கு நேரே பிடித்து
உப்பு எவ்வளவு என்று பார்ப்பேன்.
கூடினாலும் சாகும், குறைந்தாலும் சாகும்.
ஒரு மாசியில் ஐந்து நாள் தூங்கவில்லை.
தொட்டிக்கெல்லாம் பெயர் வைத்தேன்.
கைக்காசில் நாற்பது பேருக்குப் பிரியாணி சொன்னேன்.
ஆறாம் நாள் அண்ணன் வந்து
வண்டியில் உட்காரவைத்தான்.
அப்புறம் எட்டு மாதம் சுவர்ப்பக்கம்.

இப்போது என் ரத்தத்தில் உப்பு பார்க்கிறார்கள்.
"இந்த மாத்திரையும் ஒருவகை உப்புதாம்மா"
என்றார் டாக்டர் மங்கையர்க்கரசி,
உப்பளத்து ஊர்க்காரியிடம்.
சிரித்துவிட்டேன்.
அதையும் சீட்டில் குறித்துக்கொண்டார்.

போன வாரம் ஒரு நேர்முகம்.
"நடுவுல ரெண்டு வருஷம் என்ன பண்ணீங்க?"
"வீட்டுல ஒருத்தங்களப் பார்த்துக்கிட்டேன் சார்."
"இப்ப எப்படி இருக்காங்க?"
"பரவாயில்ல சார். மாத்திரை ஒழுங்கா போட்டுக்கிறாங்க."
அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார்.
சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்.

"யாழ்மொழி யாரும்மா?"

பாடிக் கோயில் கதவைத் திறந்த ஊர் எங்களுடையது.
மூன்றாம் கவுன்ட்டரில்
டோக்கன் கொடுத்தும் அரைக்கதவுதான்.

"கையெழுத்து ஒத்துப்போகலையே."

பழைய அட்டையில் என் பெயர்
ஒரே இழுப்பில் வாலைச் சுழற்றிக்கொண்டு ஓடுகிறது.
இன்றைய பெயர்
திருப்பூண்டி சாலையில் பேருந்துக்குள் எழுதியதுபோல.
"இது நீங்கதானா?"
இரண்டுமே நான்தான் என்று எழுத
படிவத்தில் கட்டம் இல்லை.
மறுபடி போட்டேன். மறுபடியும்.
ழகரத்தின் கால் காகிதத்தைக் கிழித்தது.
பின்னால் வரிசை இருமியது.

"முழங்கையை மேசைல ஊனிக்குங்க.
மூச்சை முழுசா விட்டுட்டு,
அடுத்த மூச்சு வர்றதுக்குள்ள போடுங்க."

எனக்கு அடுத்து நின்றவர்.
நாற்பது இருக்கும். சட்டையில் ஒரு பித்தான் மாறியிருந்தது.
என்னிடம் சொல்லவில்லை,
சுவரில் தொங்கிய நாட்காட்டியிடம் சொன்னார்.
மின்விசிறி ஓடவில்லை.
அவர் கையில் படிவம் படபடத்துக்கொண்டிருந்தது.

ஊனினேன். விட்டேன். போட்டேன்.
எழுத்தர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்து
முத்திரையை மையில் ஒற்றினார்.
ஒத்துப்போனதா,
அவருக்குப் பசி நேரமா, தெரியாது.

பன்னிரண்டு மணிப் பேருந்துக்கு ஓடியிருக்கலாம்.
பைக்குள் எதையோ தேடுவதுபோல்
தூணோரம் நின்றேன்.
அவர் முழங்கையை ஊனினார்.
முதல் தடவை விழவில்லை.
இரண்டாவதும்.
நான் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு
மூச்சை விட்டேன்,
கொஞ்சம் சத்தமாகவே.