மங்கலாக ஒன்று

நல்ல படம் தானே பேசும் என்று
முதலில் சொன்னவர் வாடகை கட்டாதவராய் இருக்க வேண்டும்.
என் படங்கள் வாய் திறக்கவில்லை.
கமரா இட்ட இலக்கத்தோடு,
நாலாயிரத்து நானூற்று எழுபத்தொன்று,
நாலாயிரத்து நானூற்று எழுபத்திரண்டு,
பிறப்புப் பதியாத பிள்ளைகள்போல
இணையத்தின் ஒரு மூலையில் நின்றன.
"தேடுகிற இயந்திரத்துக்குக் கண் இல்லையடி,
அது எழுத்தைத்தான் தடவிப் பார்க்கும்"
என்றான் காண்டீபன்,
பார்சல் வண்டிச் சாவியை ஆணியில் மாட்டியபடி.

ஆகவே எழுதினேன்.
புதன் இரவுகளில், வூப்பர்டாலில்,
மூன்றாம் மாடிச் சமையலறை மேசையில்,
புட்டுப் பானையின் ஆவி படாமல்
கணினியைத் தள்ளி வைத்து,
ஜெர்மன் மொழியில்.
இந்த மொழியில் நிழல் ஆண், கமரா பெண்,
சிறுபெண் மட்டும் அஃறிணை.
எதற்கு எது என்று தடுமாறித் தடுமாறி
மண்டபத்து மஞ்சள் விளக்கைப் பற்றி எழுதினேன்.
கூறைச் சேலையின் சிவப்பு
திரையில் ஏன் தக்காளி ஆகிறது என்று எழுதினேன்.
தாலி ஏறும் நேரத்தில்
மாமாமாரின் கைபேசிகளுக்கு நடுவே
எனக்கொரு முழம் இடம் விடுங்கள் என்று
கெஞ்சியும் எழுதினேன்.

பன்னிரண்டு புதன்கள்.
வந்தவர்கள்:
அச்சு மை விற்கிறவன் ஒருவன்,
காசுக்குப் பதில் பெயர் போடுகிறோம் என்ற கேக்கடை ஒன்று.

பதின்மூன்றாம் புதன் சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை.
தோற்ற படம் ஒன்றை எடுத்துப் போட்டேன்.
நவம்பர். ஆற்றுக்கு மேலே தொங்கியோடும் ரயில்.
குளிரிலிருந்து பெட்டிக்குள் ஏறிய நொடியில்
லென்ஸ் முழுக்க மூட்டம்.
துஷ்யந்தி, கையில் ஒற்றைச் செருப்பு,
வயிற்றைப் பிடித்துக் குனிந்து சிரிக்கிறாள்.
மயூரன் வெறும் நீலத் தீற்றல்.
ஆல்பத்துக்கு வேண்டாம் என்றார்கள், நியாயம்தான்.
கீழே எழுதினேன்:
"முகம் தெரியவில்லை. சிரிப்புத் தெரிகிறது.
இதை யாரும் வாங்கவில்லை."

பெப்ரவரியில் ஒரு மடல், பார்மனிலிருந்து.
பிராவ் கெசெபோம், வயது எழுபத்தொன்று.
முதலில் என் இலக்கணத்தில் இரண்டு பிழை திருத்தியிருந்தார்.
பிறகு:
"மார்ச்சில் எனக்கும் ஹொர்ஸ்டுக்கும் பதிவுத் திருமணம்.
மங்கலாக ஒன்று வேண்டும்.
தெளிவானவை எல்லாம்
முதல் கல்யாணத்திலேயே எடுத்தாயிற்று."

மங்கல்.
இன்னும் ஓர் எழுத்துக் கூடினால் மங்கலம்.
இதை எப்படி அவருக்கு மொழிபெயர்ப்பது?
விலைப்பட்டியலை மட்டும் அனுப்பினேன்.
அவர் பேரம் பேசவில்லை.

அன்று பார்த்து வெயில்.
ஒரு மேகம் இல்லை, துரோகி வானம்.
பதிவகப் படியில்
மோதிரம் எடுத்தேன், பூங்கொத்து எடுத்தேன்,
சாட்சிக்கு வந்த பந்துருட்டும் சங்கத்து நண்பர்
இருவரையும் எடுத்தேன்.
எல்லாம் ஊசிமுனைத் தெளிவு.
ஹொர்ஸ்டின் காதுக்கருவி வயர்கூடத் தெரிந்தது.
"எங்கே என் மூட்டம்?" என்றார் மணப்பெண்.

திரும்பி நின்றேன்.
மூக்குக்கண்ணாடி துடைக்கிறவள்போல
லென்ஸில் வாய் வைத்து 'ஹா' என்றேன்.
மூன்று விநாடி இருக்கும்.
அதற்குள் அவர் அவரது கழுத்துப்பட்டியை இழுத்துச் சரிசெய்ய,
அவர் ஏதோ சொல்ல,
இரண்டு சாம்பல் தலைகள் ஒன்றாகக் கரைந்தன.

இன்று புதன்.
இருநூற்றுப் பன்னிரண்டு என்ற இலக்கத்தை அழித்து
பெயர் வைத்தாயிற்று: வூப்பர்டால், திருமணம், மங்கல்.
கீழே, மூட்டம் எப்படி வந்ததென்று எழுத வேண்டும்.
'வானிலை' என்று அடித்தேன். அழித்தேன்.
'என் மூச்சு' என்று அடித்தேன்.
சொன்னால் அடுத்தவர் தானே ஊதிக்கொள்வாரோ?
சொல்லாவிட்டால்
வெயில் நாளில் யாரும் அழைக்க மாட்டார்களோ?

மூச்சு இந்த மொழியில் ஆணா பெண்ணா என்று
அகராதிக்குள் போனவள்,
பானைத் தண்ணீர் வற்றித் தீய்கிற மணத்தில்தான்
எழுந்து ஓடினேன்.