அரைப்புள்ளி

செவ்வாய் இரவு பதினொன்றே காலுக்கு வந்தது அந்த மின்னஞ்சல்.
‘அன்புள்ள விற்பனைக் கூட்டாளியே’ என்று தொடங்கினால்
எங்கேயோ கை வைக்கப்போகிறார்கள்.
மூன்று வருஷத்தில் இதைக் கற்றுக்கொண்டேன்.

ஒன்றாம் தேதியிலிருந்து
தராசு சொல்லும் எடை செல்லாது.
நீளத்தை அகலத்தால், அதை உயரத்தால் பெருக்கி
ஐயாயிரத்தால் வகுக்க வேண்டும்.

என் பெட்டி முப்பதுக்கு இருபதுக்குப் பதினைந்து.
உள்ளே அரைக் கிலோ சீப்புச் சீடை.
வகுத்தேன். ஒன்று புள்ளி எட்டு.
மிச்சம் ஒரு கிலோ முந்நூறு
பள்ளத்தூர்க் காற்று.

சீப்புச் சீடை தெரியாதவர்களுக்கு:
அச்சில் பிழிந்த பட்டையை நறுக்கி, விரலில் வளைத்து,
ஓரத்தோடு ஓரம் ஒட்டிப் பொரிப்பது.
நடுவில் ஒன்றும் இருக்காது.
அந்த ஒன்றுமில்லாததுதான்
கடித்ததும் நொறுங்குகிறது.
அதற்குத்தான் இப்போது வாடகை.

“பெட்டியச் சின்னதாக்குவோம்க்கா” என்றாள் ஜெசிந்தா.
குமிழித்தாளில் ஒரு சுற்றுக் குறைத்தோம்.
ஒன்பது நாள் ஒழுங்காகப் போனது.
பத்தாம் நாள் புனேயிலிருந்து ஒரு படம்,
தட்டு நிறையத் தூள்.
கீழே ஒற்றை நட்சத்திரம்.
பிறகு குர்கான். பிறகு, இதோ இருக்கிற கோவை.
காரணம் கேட்காமல் திருப்பி வாங்க வேண்டுமாம்,
அதுவும் புது விதி.
ஒருவர் பாதி தின்றுவிட்டு அனுப்பினார்.
போன கூலி, வந்த கூலி, இரண்டும் என் பேரில்.

நாலு புள்ளி மூன்றாக இருந்தேன்.
மூன்று புள்ளி எட்டானேன்.
அரைப்புள்ளிதான்.

எனக்கு அது புதிதில்லை.
கல்யாணமானதும் கோயில் ஏட்டில்
எங்களை ஒரு புள்ளி என்று எழுதினார்கள்.
சொக்கலிங்கம் சிங்கப்பூரிலிருந்து பெட்டியில் வந்த வருஷம்
பாதியாக்கினார்கள்.
(அந்தப் பெட்டிக்கும் நீளம் அகலம் உயரம் கேட்டார்கள்.
நான்தான் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.)
கோயிலைக் குறை சொல்ல மாட்டேன்,
புள்ளியைக் குறைத்ததும் வரியையும் குறைத்தது.
இங்கே புள்ளி இறங்கினால் கமிஷன் ஏறுகிறது.

தேடினால் நான் ஏழாம் பக்கத்தில் இருக்கிறேன்.
முதல் பக்கத்தில் கம்பெனியே விற்கிறது,
‘செட்டிநாட்டுச் சீடை’, தலையணை போல் உப்பிய பையில்.
அந்தக் காற்றுக்கு
யார் யாருக்கு வாடகை கொடுக்கிறார்கள் என்று
உதவி எண்ணில் கேட்டேன்.
என் அழைப்பு அவர்களுக்கு முக்கியமாம்.
இருபத்தாறு நிமிஷம் இசை கேட்டேன்.

வாங்குகிறவர் யார் என்று எனக்குச் சொல்ல மாட்டார்கள்.
பெங்களூரில் ஒருவர்,
பதினைந்து நாளுக்கு ஒருமுறை, இரண்டு பெட்டி.
பெயரில் முதல் எழுத்து மட்டும் தெரியும்: ஹ.
மற்றதெல்லாம் நட்சத்திரக் குறி.
பெட்டிக்குள் துண்டுச்சீட்டு வைத்தால் கணக்கு முடக்கம்.
அடிமடிப்பில் பென்சிலால் எழுதினால் என்ன என்று
விதியில் இல்லை.
ஜெசிந்தாவின் எண்கள் அழகாக இருக்கும்,
அவளை எழுதச் சொன்னேன்.

ஹேமாவதியோ ஹரிணியோ என்று நினைத்திருந்தேன்.
வியாழக்கிழமை, எண்ணெய் காய்ந்திருக்கும்போது
ஹபீப் ரகுமான் பேசினார்.
போன தடவை பொடிப்பொடியாக வந்ததாம்.
மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.
“இல்லம்மா, அத்தாவுக்குப் பல்லு கிடையாது.
கரண்டில அள்ளிச் சாப்பிட்டாரு.
இனிமே அப்படியே ஒடச்சு அனுப்ப முடியுமா?
கிலோ என்ன வெல?”

தூளுக்கு நான் விலை போட்டதில்லை.
மாவு, தேங்காய்ப்பால், எண்ணெய், ஜெசிந்தா,
காற்றைக் கழித்து…
மாவுக் கையோடு, காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கி
மனசுக்குள் கூட்டிக்கொண்டிருந்ததில்
சட்டியில் ஓர் ஈடு கருகிவிட்டது.
“இருங்க” என்றேன்.
அவர் இருந்தார்.