அறுபது விழுக்காடு

"வடகிழக்கு மாவட்டங்களில்
வார இறுதிவரை பலத்த காற்று.
ஓரிரு இடங்களில் இடி.
பள்ளமான பகுதிகளில்
உறைபனிக்கு வாய்ப்பு அறுபது விழுக்காடு."

எழுதியது நான்.
மிஷ்கோல்ட்ஸ் அலுவலகம், மூன்றாம் மாடி,
திறக்க வராத ஜன்னலோரம்.
ஏழு வருடமாக
வானத்தைத் திரையில்தான் பார்க்கிறேன்;
குடையை மறந்து
நனைந்து வீடு போன நாட்களும் உண்டு.

இரவு பதினொன்றரைக்குத் தொலைபேசி.
பெரெஸ்னாய் எதெல்கா,
ஹெர்னாட் ஆற்றங்கரை,
தொள்ளாயிரம் ஆப்ரிகாட் மரங்கள்,
அத்தனையும் பூவில்.
வணக்கம்கூட இல்லை:
"அறுபது விழுக்காடு என்கிறீர்களே,
என் மரங்களில் எவை அந்த அறுபது?"

சிரிக்கலாமா என்று யோசித்தேன்.
அவர் சிரிக்கவில்லை.
பாரஃபின் வாளி நானூறுதான் இருக்கிறதாம்.
போன வாரம் உங்களை நம்பி
முந்நூறு கொளுத்தினேன்,
மேகம் வந்து மூடிக்கொண்டது,
பனியும் இல்லை, இப்போது பணமும் இல்லை என்றார்.

ஒரு கணிப்பு மைனஸ் ஒன்று என்கிறது,
இன்னொன்று மைனஸ் நான்கு,
சராசரியாக, என்று ஆரம்பித்தேன்.
"சராசரியில் பூ பிழைக்குமா?"

காற்று இருக்கும்வரை பயமில்லை என்றேன்.
அது குளிரைத் தரையில் படுக்கவிடாது,
புரட்டிப் புரட்டிப் போடும்.
ஒரு மாதமாக
அவர் கொட்டகைத் தகரத்தை இருமுறை பிய்த்த காற்று,
தேனீக்களைப் பெட்டியைவிட்டு வெளியே விடாத காற்று,
இன்றிரவு மட்டும் நின்றுவிடக் கூடாதென்று
இருவரும் வேண்டிக்கொண்டிருந்தோம்,
வேண்டுதல் என்ற சொல்லைச் சொல்லாமல்.
"எப்போது நிற்கும்?"
மூன்று மணி என்றேன்.

ஒன்று நாற்பதுக்கு நின்றது.
என் திரையில் அது ஒரு கோடு;
விழுந்து படுத்துக்கொண்டது.
அவர் தோட்டத்தில், பிறகு சொன்னார்,
திடீரென்று ஆற்றின் சத்தம் கேட்டதாம்.
ஆறு இருப்பதையே மறந்திருந்தாராம்.

நான்தான் கூப்பிட்டேன்.
"சரிவில் இருப்பவற்றை விடுங்கள்.
பள்ளத்தில் கொளுத்துங்கள்."
அறிக்கையில் எழுத முடியாத வாக்கியம்.
விழுக்காடு இல்லை, வாய்ப்பு இல்லை,
ஓரிரு இடங்கள் இல்லை.
சொல்லிவிட்டுக்
கை நடுங்குவதைத் தேநீரில் பார்த்தேன்.

விடிந்ததும் கணக்கு வந்தது:
பள்ளத்தில் பாதி பிழைத்தது,
சரிவில் முக்கால்.
நன்றி சொல்லவில்லை.
மருமகன் கெர்கோவின் முகத்தில் ஏறிய கரி
எதற்கும் போகவில்லையாம்;
நாளை அவன் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க வேண்டுமாம்.

மே பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு.
பொங்ராட்ஸ், செர்வாட்ஸ், போனிஃபாட்ஸ்:
பனிப் புனிதர்கள் மூவர்.
இவர்களைத் தாண்டாமல் இந்தப் பக்கத்தில்
யாரும் தக்காளி நாற்று நடமாட்டார்கள்.
எதெல்கா மிச்சமிருந்த இருபது வாளிகளோடு காத்திருந்தார்.
நான் எழுதினேன்:
"உறைபனி இல்லை. இடிமழைக்கு வாய்ப்பு பத்து."

பதின்மூன்றாம் தேதி இரவு
அந்தப் பத்து
மலை தாண்டி வந்தது.

தொலைபேசியை எடுத்தேன். பேச்சில்லை.
ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்திருக்கிறார்:
தகரத்தின்மேல்
யாரோ மூட்டை மூட்டையாகக் கொட்டுகிற சத்தம்.
ஒன்பது நிமிடம்.
நான் வைக்கவில்லை.

ஓய்ந்ததும் கேட்டேன்,
எனக்குக் கேட்கத் தெரிந்தது அதுதான்:
"கல் என்ன அளவு? பதிவு செய்ய வேண்டும்."
திட்டுவார் என்று நினைத்தேன்.
சேற்றில் பூட்ஸ் சத்தம்.
குனிகிறவரின் மூச்சு.

"கோலிக்குண்டு அளவு.
என் காய்களும் இப்போது அதே அளவுதான்.
தரை முழுக்கக் கிடக்கிறது,
இருட்டில் எது எதுவென்று தெரியவில்லை.
கொஞ்சம் பொறுங்கள்,
கரையட்டும்.
கரையாததை எண்ணிச் சொல்கிறேன்."