பூஜ்யம் புள்ளி நாலு ஏழு

ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும்
உள்ளே இருநூற்றெண்பது வோல்ட் உட்கார்ந்திருக்கும்.
ரெசிஸ்டரை முதலைக் கவ்வியில் மாட்டி
மீட்டர் முள் இறங்கி முடிகிறவரை
இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும்.
ஐஸ் பிளாண்டில் இரண்டு தடவை தூக்கி எறியப்பட்டவன் நான்.
இதை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

சேஸிஸ், பிளாண்டில் கழித்துப் போட்ட நண்டுத் தட்டு.
வால்வு இரண்டும் ரஷ்யப் பழசு.
கப்பாசிட்டர்கள்
கோயில் மைக்செட்டில் கழற்றிய பச்சை மைலார்,
சப்பித் துப்பிய மிட்டாய் மாதிரி.
குளச்சல் காற்று அவற்றின் கால்களைத் தின்றிருந்தது.
ஒன்று, தொட்டதுமே
களிம்போடு கையில் வந்தது.

புதியவை சென்னையிலிருந்து பார்சலில் வந்தன.
வடசேரியில் வாங்கி மடியில் வைத்துக்கொண்டே வந்தேன்,
ஒவ்வொன்றும் பெருவிரல் தடிமன்.
இரண்டின் விலையை டெல்பினிடம்
ஒன்றின் விலையாகச் சொன்னேன்.
அதையும் அவள் மீனாக மாற்றிப் பார்த்தாள்:
"ஒரு முழு நெய்மீனாக்கும்."

என்ன செய்யும் இது என்றாள்.
நிற்கிற மின்சாரத்தை வாசலில் நிறுத்திவிட்டு
ஆடுகிற மின்சாரத்தை மட்டும் உள்ளே விடும்.
"அத பழசும் செய்யுதுல்லா?"
செய்தது.
கொஞ்சம் கசியவும் செய்தது.
அந்தக் கசிவைத்தான் இத்தனை நாள்
இனிமை என்று வைத்திருந்தேனோ என்னவோ.

ஆகவே ஒரு ஸ்விட்ச்.
மேலே தள்ளினால் புதுசு, கீழே பழசு.
பத்துத் தடவை உன் இஷ்டத்துக்குத் தள்ளு,
தள்ளாமலும் இரு, தாளில் குறித்துக்கொள்,
என்னிடம் மட்டும் சொல்லாதே.
ஹெட்போனை மாட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன்.
பாட்டு, எங்கள் கல்யாணத்துக்கு முந்தின வருஷத்
திருவிழாவுக்குப் பாடகர் குழு ஒத்திகை பார்த்தது.
அன்று மைக்செட் நான். இரண்டாம் குரல் அவள்.

புதுசு. பழசு. புதுசு. புதுசு.
ஆறாவதில் ஒரு இருமல்,
நூறு தடவை கேட்ட பாட்டில்
ஒருமுறையும் கேட்காத இருமல்.
புதுசு என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.
ஒன்பதில் சின்னத் தயக்கம். பத்தில் அதுவும் இல்லை.

திரும்பினால்
ஸ்விட்சில் விரல் இருக்க உறங்கிவிட்டிருக்கிறாள்.
காலை நாலரைக்கு எழுந்தவள்.
தாளில் நாலே நாலு குறிப்பு.
அதில் எனக்குச் சரி இரண்டு.
அதன்பிறகு ஸ்விட்ச் நகரவே இல்லை,
பழசில் நிற்கிறது.
இருமல் பழசில்தான் இருந்திருக்கிறது
இத்தனை வருஷமும்.

எழுப்பவில்லை.
பாட்டை மறுபடி முதலிலிருந்து விட்டேன், தாள் இல்லாமல்.
வெளியே ஆடிக் கடல்
தூண்டில் வளைவுப் பாறைகளைத் திட்டிக்கொண்டிருந்தது.
வடிகட்டி கப்பாசிட்டர்களையும் மாற்றியிருந்தேன்,
நாற்பத்தேழு இருந்த இடத்தில் இருநூற்றிருபது.
அதற்குப் பரீட்சை எதுவும் யோசித்து வைக்கவில்லை.

காற்று எங்கோ ஒரு கம்பியை இழுத்தது.
ஃபிரிட்ஜ் நின்றது. ஃபேன் தளர்ந்தது.
தெருவே அணைந்தது.
பாட்டு அணையவில்லை.
போன் அதன் பேட்டரியில் ஓடும், அது சரி,
இந்த வால்வுகள் எதைத் தின்கின்றன?
நண்டுத் தட்டின்மேல் மங்கி மங்கி
இரண்டு ஆரஞ்சுப் புள்ளி.
ஒன்று, இரண்டு,
இரண்டாம் குரல்காரிகள் மேலே ஏறுகிறார்கள்,
எட்டுப் பேரில் எவள் இவள்,
மூன்று,

ஃபேன் நின்ற புழுக்கத்தில் முழித்து,
"கரண்டு போச்சா?" என்கிறாள்.

"பொறுடி," என்கிறேன்.
"இன்னும் போகல்ல."