ஒண்ணு கொறை

நாலாம் நம்பர் கேமராவுக்கு
வெள்ளிக்கிழமை சாயந்திரம் கையெழுத்துப் போட்டால்
திங்கள் காலை எட்டே முக்கால் வரை அது எங்களுடையது.
எங்களுடையது என்றால்
எனக்கும் முப்பிடாதிக்கும்.
முப்பத்தொரு பேருக்கு ஏழு கேமரா.
வாரில் யார் யாருடைய வியர்வையோ.
பின்பக்கத் திரையில் குறுக்கே ஒரு கீறல்.
எதை எடுத்தாலும் வானத்தில் மின்னல்,
பிரிண்டில் இருக்காது.

ஐந்தாம் பயிற்சி:
வெள்ளையாய் ஒன்று, கறுப்பாய் ஒன்று.
ஃபிளாஷ் கூடாது. கம்ப்யூட்டரில் திருத்தக் கூடாது.
இவ்வளவுதானா என்றான் சாகுல்.
இவ்வளவுதான்.

வெள்ளைக்கு, விடுதித் தட்டில் சோறு.
ஜன்னலோரம் வைத்து, ஈயை ஓட்டி,
சோறு தவிர எதுவும் தெரியாமல் எடுத்தேன்.
வந்தது அரிசி களைந்த தண்ணீர்.

கறுப்புக்கு, குறுக்குத்துறைப் படித்துறையில் எருமை.
முழங்காலளவு ஆற்றில் நின்று
எங்களை ஒரு பொருட்டாகவே எண்ணாத எருமை.
கிட்டப் போய், இன்னும் கிட்டப் போய்
விலா மட்டும் தெரிய எடுத்தாள் முப்பிடாதி.
வந்தது அடுப்புச் சாம்பல்.
'ஏளா, இதுக்குக் கண்ணு தெரியலயா?'
எருமையைக் கேட்டாளா கேமராவையா, தெரியவில்லை.
வாலை ஒரு வீசு வீசியது.
பதறியதில் லென்ஸ் மூடி கைநழுவி
முங்காமல் மிதந்து
கொக்கிரகுளம் பார்க்கப் போய்விட்டது.

நோட்டில் எழுதித்தான் வைத்திருந்தோம்:
மீட்டருக்கு உலகம் மொத்தமும் ஒரே சாம்பல்.
வெள்ளையைக் காட்டினால் மங்கவைக்கும்,
கறுப்பைக் காட்டினால் வெளுக்கவைக்கும்.
வெள்ளைக்கு ஒண்ணு கூட்டு.
கறுப்புக்கு ஒண்ணு கொறை.
அடிக்கோடுகூடப் போட்டிருந்தேன்.
புரிந்தது அங்கே, சுடிதார் கால் நனைந்து,
எருமை மூச்சு முதுகில் பட நின்றபோது.

முப்பிடாதி படியில் உட்கார்ந்து பர்ஸைத் திறந்தாள்.
பத்தாங்கிளாஸ் படம். பன்னிரண்டாங்கிளாஸ் படம்.
கல்லூரி அடையாள அட்டை.
எல்லாம் பேட்டையில் ஒரே ஸ்டூடியோ.
வருஷத்துக்கு வருஷம் வெளுத்துக்கொண்டே வருகிறாள்.
'சின்னதா ஒரு டச்சப், அதுக்குத் துட்டு வேண்டாம்' என்பாராம்.
தேர்வறையில் படத்தைப் பார்ப்பார்கள், முகத்தைப் பார்ப்பார்கள்,
திரும்பவும் படத்தைப் பார்ப்பார்கள்.
'எனக்கு நானே ஆள்மாறாட்டம் பண்ண மாதிரி இருக்கும்ளா.'
சிரித்தாள்.
அக்கா கல்யாண ஆல்பத்தில் நான்
மாவில் புரட்டிய பணியாரம்.
அதை அவளிடம் சொல்லவில்லை.

எருமை கரையேறிவிட்டது.
அஞ்சு மணி வெயில்
கல்தரையில் பட்டு எழும்பி
சுவரோர நிழலுக்குள் வந்துகொண்டிருந்தது.
'அங்கன நில்லு' என்றேன்.
முகம் மட்டும்.
முதல் படம் அப்படியே பேட்டை.
'ஒண்ணு கொறை' என்றாள்.
குறைத்தேன்.
'இன்னும் கொஞ்சம். பயப்படாத.'
மூன்றில் ஒரு பங்கு குறைத்தேன்.

கையால் நிழல்கட்டித் திரையைப் பார்த்தாள்.
நெற்றியில் எண்ணெய் மினுக்கம்.
இடப்புருவத்தில், சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு.
ஸ்டூடியோக்காரர் மூன்று தடவையும் ஆற்றிவிட்ட தழும்பு.
கீறலின் மின்னல் மட்டும் உபரி.
'இந்தா இருக்கேம்லா' என்றாள், மெதுவாக,
காணாமல் போன பொருள் கட்டிலடியில் கிடைத்ததுபோல.

கறுப்புக்கு இதையே வை என்றாள்.
எனக்குத்தான் தயக்கம்.
எருமையையே திரும்ப எடுப்போமே என்றேன்,
ஒண்ணு குறைத்து.
'ஏன்?' என்று கேட்டாள்.
பதில் ஒன்றும் வரவில்லை எனக்கு.
வைத்தோம்.

பத்துக்கு ஆறு.
ஓரத்தில் பென்சிலால்: கொஞ்சம் இருட்டு.
அதற்குக் கீழே அவள் பேனாவால்: இல்லை சார்.
அதற்குக் கீழே இன்னும் யாரும் எதுவும் எழுதவில்லை.

அந்தப் படத்தில் நாலு பிரதி போட்டு
செமஸ்டர் விண்ணப்பத்தில் ஒட்டியிருக்கிறாள்.
பதினோராம் தேதி தேர்வு.

லென்ஸ் மூடிக்கு அபராதம் முன்னூற்றைம்பது,
ஆளுக்குப் பாதி.
இன்னும் இருபத்தைந்து ரூபாய் தரவேண்டும் அவள்.