ஐந்து கிலோ இருநூறு

தராசுப் பைக்குள் இறக்கினால்
எந்தப் பிள்ளையும் கத்தும்.
காலை உதறும், மூத்திரம் பெய்யும்.
என் வெள்ளைச் சீருடையில் பெய்தவர்கள்
இப்போது சாதாரணதரம் எழுதுகிறார்கள்.
நீ கத்தவில்லை, றொஷானி.

குருநகர்த் தொடர்மாடி, மூன்றாம் தட்டு.
படிக்கட்டுக் கம்பியில் யாருடையவோ வலை காய்ந்தது.
கதவுநிலைக் கொளுக்கியில் தராசு,
தராசில் நீ.
முள் கொஞ்சம் நடுங்கி நின்றது.
ஐந்து கிலோ இருநூறு.
போன மாதமும் அதுதான்.

நீ என் முகத்தைப் பார்க்கவில்லை,
கையைப் பார்த்தாய்.
கை எங்கே போகிறது, எப்போது திரும்பும் என்று
கணக்கு வைத்துக்கொண்டிருந்தது
நாலு மாதக் கண்.

"நல்ல பிள்ளை மிஸ்ஸி, ஒரு சத்தம் இல்லை"
என்றான் உன் தகப்பன்
போனிலிருந்து தலை எடுக்காமல்.
டெல்சியா தேத்தண்ணிக்குச் சீனி போட்டாள்.
போட்டதை மறந்து மறுபடி போட்டாள்.

காதுக்குப் பின்னால் நீலம்.

"கட்டிலாலை விழுந்திட்டுது."

உனக்கு இன்னும் கவிழத் தெரியாது.
கவிழத் தெரியாத பிள்ளை
கட்டிலின் நடுவிலிருந்து எப்படி விழும்?
இருபத்திரண்டு வருட உத்தியோகம், எனக்குத் தெரியும்.
தெரிந்துகொண்டே தேத்தண்ணியைக் குடித்தேன்.
பனம்பாணி மாதிரி இனித்தது.

இன்னொன்றும் இருக்கிறது,
உனக்குத்தான் சொல்லவேண்டும்.
போன மாதம் உன் தொடையில் கண்டேன்,
ஒரு விரல் அகலம்.
ஊசி போட்ட இடமாக்கும் என்று
எனக்கு நானே சொல்லி
பதிவேட்டில் 'நன்று' என்று எழுதினேன்.
நீல மையில், சுழியெல்லாம் வடிவாக.

அன்றைக்குக் கீழே இறங்கி
ஸ்கூட்டியில் இருந்தபடி போன் எடுத்தேன்.
விரல் இரண்டுதரம் பிழையாய் அழுத்தியது.

பெரியாஸ்பத்திரியில்
வெளிச்சத்துக்கு நேரே படத்தைப் பிடித்தார் டொக்டர்.
விலா எலும்பு இரண்டு.
ஒன்று புதிது.
மற்றது எப்போதோ உடைந்து
ஒருவருக்கும் சொல்லாமல் தானே பொருந்தியிருந்தது.
பிறகு மூளையைப் பற்றிக் கதைத்தார்.
குலுக்கியிருக்கலாம்.
நடை பிந்தலாம், பேச்சுப் பிந்தலாம்,
ஒரு கண் மங்கலாம், வலிப்பு வரலாம்,
ஒன்றும் வராமலும் விடலாம்.
உன் முழு ஆயுளையும்
ஒரு 'லாம்' இல் கட்டித் தொங்கவிட்டார், பாவம்,
அவரும் என்ன செய்வார்.

வார்ட்டுக்கு வெளியே, வாங்கிலில், டெல்சியா:
"அழுதா அவருக்கு விசர் வருது மிஸ்ஸி.
அதாலை நான் வாயைப் பொத்துவன்."
தன் வலக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"இந்தக் கையாலைதான்."
பத்தொன்பது வயது.
உள்ளங்கையில் மீன் வெட்டிய தழும்பு.
திட்டுவதற்கு வாய் வைத்தேன்,
என் வாயில் இன்னும் அந்தச் சீனி.

அழுகிறது என்றால் கூப்பிடுகிறது.
கூப்பிட்டால் வருவது யார் என்று அறிந்தபிறகு
நீ கூப்பிடுவதை விட்டாய்.
அதை நாங்கள் எல்லோரும்
நல்ல பிள்ளை என்றோம்.

இப்போது ஒன்பது மாதம்.
கோர்ட்டு சொன்னபடி பெரியம்மாவோடு, பாசையூரில்.
கிளினிக்குக்குக் கொண்டுவந்தாள், சின்னமுத்து ஊசிக்கு.
தொப்பியும் போட்டு, நெற்றியில் பவுடரும் அப்பி.
இன்னும் இருக்கப் பழகவில்லை நீ,
இடப்பக்கம் சரிகிறாய்.

ஊசி ஏறியது.
முதலில் என் கையைத்தான் பார்த்தாய்.
பிறகு கீழுதடு பிதுங்கியது,
மூச்சு உள்ளே போய்,
வெகுநேரம் வராமல் நின்று,
வந்தது.

கூரைத் தகரம் அதிர வந்தது.
வரிசையில் நின்ற பிள்ளைகளும் தொடங்கிவிட்டார்கள்.
ஒருத்தி சாவிக்கொத்தைக் கிலுக்க ஓடிவந்தாள்,
இன்னொருத்தி 'ஓராட்டு, ஓராட்டு' என்றாள்.
பெரியம்மாவின் கை உன் வாய்ப்பக்கம் எழும்ப
மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

விடுங்கோ.
அழட்டும், விடுங்கோ.

ஆறு கிலோ தொளாயிரம்.
கோட்டுக்கு இன்னும் கீழேதான் புள்ளி.
குறிப்பு என்ற கட்டத்தில்
'அழுதாள்' என்று எழுதினேன்.
மேலிடத்தில் கேட்பார்கள், இதென்ன குறிப்பென்று.
கேட்கட்டும்.