1 வா.

ஆனி பிறந்தால் கோத்தகிரியில்
மருந்துக்கடைக்கு எதிரே இருக்கிற பேருந்து நிலையம்
காணாமல் போய்விடும்.
ஹாரன் மட்டும் வந்து நிற்கும்,
ஆட்களை இறக்கிவிட்டுக் கிளம்பும்.
அந்த மூட்டத்துக்குள்ளிருந்துதான் வந்தார் நஞ்சன்,
தேயிலை ஆபீசில் கணக்கெழுதி ஓய்ந்தவர்,
கையில் டாக்டர் சீட்டு.
வைட்டமின் டி ஒன்பதுதான் இருக்கிறதாம்.
"வெயிலில்லாத ஊரில்
வெயிலைப் பொட்டலத்தில் விற்கிறாயாமே?"

எட்டு எண்ணிக் கொடுத்தேன்.
வாரத்துக்கு ஒன்று, எட்டு வாரம்.
அவர் பின்னால் நாலு பேர்,
ஒருத்தியின் தோளில் இருமுகிற குழந்தை.
காகித உறைமேல் கிறுக்கினேன்:
1 வா.

அவர் அதை ஒரு வாய் என்று படித்தார்.

காலையில் பால், பாலில் பொடி, ஒரு வாய்.
மறுநாளும் ஒரு வாய்.
ஒன்பதாம் நாள் வந்து இன்னும் எட்டு கேட்டார்.
நான் நிமிர்ந்திருக்க வேண்டும்.
எட்டு வாரம் எப்படி எட்டே நாளில் போயிற்று என்று
கேட்டிருக்க வேண்டும்.
கல்லாவில் சில்லறை தேடிக்கொண்டிருந்தேன்.

ஆவணி முடிவதற்குள்
குடித்துத் தீராத தாகம் அவருக்கு.
சோற்றைக் கண்டால் குமட்டல்,
வயிறு கல்லாய் இறுகிப்போனது.
நாற்பது வருஷம் நடந்த அட்டிப் பாதையில்
ஒரு சாயங்காலம்
எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் நின்றுவிட்டார்.

குன்னூர் ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கிறார்கள்:
என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?
"பிரஷர் மாத்திரை, ஒன்றே ஒன்று."
பொய்யில்லை.
சத்துப்பொடியும் மருந்துதான் என்று
யார் சொன்னது அவருக்கு? நானா?

மனைவி மாதிதான் பிஸ்கட் டின்னைக் கொண்டுபோய்க்
கட்டில்மேல் கவிழ்த்தாள்.
கால்சியம், மகன் டல்லாஸிலிருந்து அனுப்பிய மீன் எண்ணெய்,
நாற்பது சத்தும் ஒரே மாத்திரையில் என்கிற சிவப்பு டப்பா
(அதற்குள்ளும் கொஞ்சம் டி),
வாய் கிழிந்த பொட்டலம் ஐம்பத்தாறு,
பத்திரமாய் மடித்து வைத்த என் உறைகள் ஏழு.
ரத்தத்தில் கால்சியம் ஏறிக் கிடந்தது.
பதினோரு நாள் சலைன்.

பாதியாய் இளைத்துக் கடைவாசலில் வந்து நின்றார்.
திட்டுவார் என்று கையைப் பிசைந்தேன்.
"அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நான்தான்"
என்று தன் பெயரை வைத்துத் தானே சிரித்தார்.
எனக்கு வரவில்லை.

அதிலிருந்து என் வரிசை நகர்வதில்லை.
வேறென்ன விழுங்குகிறாய், எப்போது, யார் சொல்லி,
எல்லோரையும் கேட்கிறேன். முதலாளிக்கு எரிச்சல்.
கொழுந்து பறிக்கிற யோகேஸ்வரிக்கு
ஆறு மாதமாய் ரத்தம் ஊறவில்லை.
கேட்டால், இரும்பு மாத்திரையைத்
தேத்தண்ணியில் விழுங்குகிறாள்.
தேயிலை இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும்,
ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடி என்றேன்.
"இந்தக் குளிரிலயா அக்கா?"
அதற்கு என்னிடம் மாத்திரை இல்லை.

நேற்றிரவு என் கைப்பையையும் கொட்டிப் பார்த்தேன்.
முடி உதிராமலிருக்க ஒரு பட்டை, பாதி தீர்ந்தது.
யார் சொல்லி?
கண்ணாடி சொல்லி.

இப்போதெல்லாம் எந்தச் சொல்லையும் முறிப்பதில்லை.
இன்று யாருக்கோ அதே பொடி.
உறைமேல் பெரிதாக எழுதினேன்:
ஞாயிறு மட்டும்.
பிரஷர் மாத்திரைக்கு நின்றிருந்த நஞ்சன்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி எட்டிப் படித்தார்.
"ஞாயிறு மட்டும்.
அன்றைக்கு நானும் அதைத்தானே கேட்டேன்."

நிமிர்ந்து வெளியே பார்த்தேன்.
பேருந்து நிலையத்தின் கூரை வரைக்கும்
வந்திருந்தது.